வீட்டிலேயே பிக்அப்பைத் தாழ்த்தப் போகிறேன்: முன்னால் டார்ஷன் பார், பின்னால் கமான் பட்டை

தொட்டிவண்டி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒற்றை கேபின் பிக்அப். பின்சக்கர ஓட்டம் மட்டும்தான், ஃபோர் வீல் கிடையாது. முன்னால் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). இதை 75 மி.மீ., அதாவது மூன்று அங்குலம் தாழ்த்த ஆசை. தாழ்ந்த பிக்அப்பின் தோற்றம் எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதுதான் முதல் காரணம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேயே போய் நிற்கிறது. கூடவே, பக்கத்தில் நின்றபடி தொட்டியின் தரையில் கிடக்கும் பொருளை எடுக்க எனக்குக் கை எட்டுவதில்லை.

இரண்டு டன் டிராலி ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், சாக்கெட் செட் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. வெல்டிங் தெரியாது. பின்னால் 75 மி.மீ. பிளாக் (கட்டை) வைத்து, முன்னால் டார்ஷன் பார் போல்ட்டைத் தளர்த்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறேன். எதையாவது விட்டுவிட்டேனா?

பழைய ஸ்பேனர்

தம்பி, பிளாக் வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒன்றைப் பாருங்கள். ஆக்சில் ஹவுசிங் கமான் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, கீழே தொங்குகிறதா?

மேலே இருந்தால் நீங்கள் நினைத்தது நடக்கும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்தால் ஆக்சில் சேஸ் பக்கம் ஏறும், வண்டி இறங்கும். கீழே இருந்தால் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும். அந்த மாதிரி வண்டியில் ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றும் ஃபிளிப் கிட் போடுவார்கள். அப்போது ஒரேயடியாக ஐந்து ஆறு அங்குலம் இறங்கும். ஆக்சில் சேஸில் இடிக்கும் என்பதால் சேஸை அரைவட்டமாக வெட்டி, அந்த இடத்துக்குப் பலம் கொடுக்க வேண்டும். வெல்டிங் தெரியாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளை மாற்றுவதும் ஒரு வழி. ஷேக்கிள் சேஸிலிருந்து கீழ்நோக்கித் தொங்கி பட்டையின் கண்ணைப் பிடித்திருந்தால், குட்டையான ஷேக்கிள் வண்டியைத் தாழ்த்தும். பட்டையின் கண் ஷேக்கிளின் மேல்முனையில் இருந்தால் நேர்மாறு, நீளமான ஷேக்கிள்தான் தாழ்த்தும். எப்படியும் ஷேக்கிளில் இரண்டு அங்குலம் மாற்றினால் ஆக்சில் இருக்கும் இடத்தில் ஓர் அங்குலம்தான் கிடைக்கும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது.

பட்டையில் ஒன்றை உருவிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அது பாரம் தாங்கும் பட்டை.

கமான்கட்டு

நான் பிக்அப்பில் பாரம் ஏற்றிப் பிழைப்பவன். அதனால் என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கும், மன்னிக்கவும். வெறும் வண்டி நிற்கும்போது பின்பக்கம் உயரமாக இருப்பது வடிவமைப்பில் வந்த பிழை இல்லை. பாரம் ஏறினால் அது இறங்கி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம். அதை வெறும் வண்டியிலேயே தின்றுவிட்டால், பாரம் ஏற்றும் நாளில் பட்டை வேலை செய்ய இடமே இருக்காது. ஆக்சில் ரப்பர் ஸ்டாப்பரில் உட்கார்ந்துகொண்டே ஓடும்.

எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

தொட்டிவண்டி

பழைய ஸ்பேனர் ஐயா, பார்த்துவிட்டேன். ஆக்சில் பட்டைக்கு மேலேதான் இருக்கிறது. நிம்மதி.

கமான்கட்டு அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதிகம் போனால் 200 கிலோ, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை. மற்றபடி காலி வண்டிதான்.

கமான்கட்டு

அப்படியானால் ஊகம் வேண்டாம், அளந்தே பார்க்கலாம். காலி வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, பின் ஆக்சிலுக்கும் அதற்கு மேலே இருக்கும் ரப்பர் ஸ்டாப்பருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அப்புறம் எடை தெரிந்த நாலு பேரைத் தொட்டியில் சரியாகப் பின் ஆக்சிலுக்கு மேலே உட்கார வைத்து, மறுபடி அளங்கள். உங்கள் பட்டை எவ்வளவு எடைக்கு எவ்வளவு இறங்கும் என்பது கையில் வந்துவிடும். வேறு எந்தக் கிட்டின் அட்டையில் எழுதியிருப்பதையும் விட இதை நம்பலாம்.

தொட்டிவண்டி

செய்தேன். காலியாக இருக்கும்போது இடைவெளி 110 மி.மீ. நாலு பேர், மொத்தம் 280 கிலோ (குளியலறைத் தராசில் ஒவ்வொருவராக நிறுத்தோம்). உட்கார்ந்த பிறகு 66 மி.மீ. அதாவது 44 மி.மீ. இறங்கியது.

கமான்கட்டு

சரி. ஒரு பக்கத்துக்கு 140 கிலோ, 44 மி.மீ. அப்படியென்றால் உங்கள் 200 கிலோ பாரத்துக்கு ஏறத்தாழ 31 மி.மீ. இறங்கும். இப்போது கழித்துப் பாருங்கள்.

75 மி.மீ. பிளாக்: 110-இல் 75 போக 35. பாரம் ஏற்றினால் அதில் 31 போகும். மீதி 4 மி.மீ. முதல் பள்ளத்திலேயே இடிக்கும்.

50 மி.மீ. பிளாக்: 60 மீதி. பாரம் போக 29 மி.மீ. சாலையைப் பார்த்து நிதானமாக ஓட்டினால் போதும்.

என் விருப்பம் பூஜ்யம் மி.மீ. ஆனால் நீங்கள் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் 50-ஐத் தாண்டாதீர்கள்.

புதுச்சாவி

ஸ்டாப்பர் ரப்பரைப் பாதியாக வெட்டிவிட்டால் 30 மி.மீ. திரும்பக் கிடைக்குமே? நிறையப் பேர் அப்படித்தானே செய்கிறார்கள்?

பழைய ஸ்பேனர்

கிடைக்கும். ஆனால் அந்த ரப்பர் அங்கே எதைக் காப்பாற்றுகிறது என்று தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது. ஷாக் அப்சார்பர் முழுவதும் அமுங்கி அடி தட்டுவதற்கு முன்பே ஆக்சிலை நிறுத்துவதுதான் அதன் வேலை. ரப்பரை 30 மி.மீ. வெட்டினால் ஷாக்கே ஸ்டாப்பர் ஆகிவிடும். ஒன்று அதன் கம்பி வளையும், இல்லை மேல் மவுண்ட் பிய்யும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஷாக்கின் கீழ்முனை எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆக்சில் ஹவுசிங்கிலேயே இருந்தால் வண்டி இறங்கும் அளவுக்கு ஷாக்கும் அமுங்கி நிற்கும். ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் பிடிக்கும் தட்டில் இருந்தால் அப்படி ஆகாது, ஏனென்றால் அந்தத் தட்டு பட்டையோடு சேர்ந்தது, பிளாக் வைத்த பிறகும் சேஸிலிருந்து அதே தூரத்தில்தான் இருக்கும். ஒரே பிளாக், இரண்டு வண்டியில் இரண்டு விளைவு. அதனால்தான் பொதுவாக ஒரு பதில் சொல்ல முடிவதில்லை.

தொட்டிவண்டி

என்னுடையது தட்டில்தான் இருக்கிறது. ரப்பரில் கை வைக்கவில்லை. 50 மி.மீ. என்று முடிவு செய்துவிட்டேன். முன்பக்கத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

அரைச்சுற்று

டார்ஷன் பார் வண்டியை நான் இரண்டு முறை தாழ்த்தியிருக்கிறேன், எனவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் மாறும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து நான்கு மூலையையும் எழுதி வையுங்கள். டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம் சரிசெய்யும் போல்ட். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது அதைத் திருப்பவே கூடாது. சேஸில் ஸ்டாண்ட் கொடுத்து இரண்டு முன்சக்கரமும் தொங்கும்படி தூக்குங்கள். அப்போதும் பாரில் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும், ஆனால் போல்ட் கையோடு வரும். எடையோடு திருப்பினால் மரை உரிந்துவிடும். அந்த மரை உரிந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அனுபவித்துச் சொல்கிறேன்: முறுக்கேறிய பார், பிடிக்க ஒன்றும் இல்லாத போல்ட், அடியில் நீங்கள். முந்தைய நாளே மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். தட்டுக்கு வெளியே மரை எத்தனை மி.மீ. தெரிகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திரும்பப் பழைய உயரத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த எண்தான் வழிகாட்டும்.

முதலில் நாலு சுற்று மட்டும் தளர்த்துங்கள். வண்டியை இறக்கி, பம்பரை அழுத்திக் குலுக்கி, முன்னும் பின்னும் நாலைந்து மீட்டர் உருட்டிவிட்டு அளங்கள். உருட்டாமல் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். இறக்கும்போது சக்கரங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிய வேண்டும், டயர் தரையைக் கவ்விக்கொண்டு விரிய விடாது, வண்டி உயரமாகவே நிற்கும். இடது வலது இரண்டிலும் ஒரே எண்ணிக்கை சுற்று வராது, உயரத்தைப் பாருங்கள், சுற்றை எண்ணாதீர்கள்.

ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்பார்கள். ஆகாது. பார் தாங்கும் எடை அதேதான், அதனால் அதன் முறுக்கும் அதேதான். வண்டி தடதடவென்று போவதாகத் தோன்றினால் காரணம் ஸ்பிரிங் இல்லை, சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறது.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் வேலை. கன்ட்ரோல் ஆர்மின் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் புது உயரத்தில் நாலு சக்கரத்தில் நிற்கும்போது மறுபடி இறுக்குங்கள். அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது, சுழலாது, முறுகும். பழைய உயரத்தில் இறுக்கியது அப்படியே இருந்தால் வண்டி சும்மா நிற்கும்போதுகூட ரப்பர் முறுகியே இருக்கும். நான் கழற்றிய ஒரு புஷ்ஷில் உள்குழாயைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு ஒரு கோடு பிளந்திருந்தது, ஓரமெல்லாம் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. ஆறு மாதம்தான் ஓடியிருந்தது.

காயில்வண்டி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங். ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன். காயில் எட்டு சுற்று.

பழைய ஸ்பேனர்

எட்டில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங்கின் கடினம் எட்டில் ஏழு பங்கு நீளத்துக்கு உரியதாகிவிடும், அதாவது ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். அது கெடுதல் இல்லை, இடம் குறைந்த வண்டிக்குக் கொஞ்சம் கடினம் தேவைதான். ஆனால் காயில் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருந்தால் அங்கே ஓர் அங்குலம் என்பது சக்கரத்தில் இரண்டு அங்குலம். எனவே ஒரு சுற்று முழுதாக வெட்டாதீர்கள், அரைச்சுற்றில் தொடங்குங்கள். அடியும் மேலும் ஒடுங்கி வரும் காயிலாக இருந்தால் வெட்டவே வேண்டாம், தட்டில் சரியாக உட்காராது. கேஸ் டார்ச்சால் வெட்டுவதும், சூடாக்கித் தொய்ய வைப்பதும் ஸ்பிரிங்கைக் கொல்லும் வேலை. எஃகின் பதம் போய்விட்டால் திரும்பி வராது.

அழுத்தி வைத்த காயிலில் இருக்கும் விசை ஆளைக் கொல்லும். ஸ்பிரிங் கம்ப்ரசர் போடாமல் ஆர்மை இறக்காதீர்கள்.

முடிந்தால் தாழ்த்திய ஸ்பின்டில் வாங்குங்கள். அதில் சக்கரம் மாட்டும் அச்சுதான் மேலே நகர்ந்திருக்கும், ஆர்ம், ஸ்பிரிங், ஸ்டாப்பர் இடைவெளி எல்லாம் கம்பெனி வைத்த கோணத்திலேயே இருக்கும். இந்த இழையில் பேசும் முன்பக்கச் சிக்கல்களில் பாதி அதில் வராது. டார்ஷன் பார் வண்டிக்கும் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது.

இருகற்றை

ஃபோர்டின் ட்வின் ஐ-பீம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப் வரிசை பிக்அப்பில் 1965-இல் வந்த முன்பக்க அமைப்பு. அதில் ஒவ்வொரு சக்கரத்தின் கற்றையும் வண்டியின் எதிர்ப்பக்கத்தில் போய் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்கைக் குறைத்து 75 மி.மீ. தாழ்த்தினால், கற்றை 90 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டாலும் சக்கரத்தின் மேல்பகுதி ஐந்து டிகிரிக்குக் கிட்டே உள்ளே சாயும். அலைன்மென்ட்டில் அதைச் சரிசெய்ய முடியாது. தாழ்த்துவதற்கென்றே வளைத்துச் செய்த கற்றை இருக்கிறது, அதுதான் வழி.

புதுச்சாவி

தாழ்த்தினால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துவது குறையும் என்பது உண்மையா?

அரைச்சுற்று

உண்மை, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. 1,800 கிலோ வண்டி, சக்கர இடைத்தூரம் 3 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.8 ஜி அளவுக்குப் பிரேக் அடித்தால் பின்னாலிருந்து முன்னால் போகும் எடை 336 கிலோ. 5 செ.மீ. தாழ்த்திய பிறகு 312. வித்தியாசம் 24 கிலோ.

வளைவில் சாய்வது பற்றியும் அதே எச்சரிக்கை. இரட்டை ஆர்ம் முன்பக்கத்தை ஸ்பிரிங்கால் மட்டும் தாழ்த்தும்போது, வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடை மையத்தை விட வேகமாகக் கீழே இறங்கிவிடும். தாழ்ந்த வண்டி கூடுதலாகச் சாய்வதும் நடக்கும். தோற்றத்துக்காகச் செய்கிறேன் என்று தொட்டிவண்டி நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

தொட்டிவண்டி

வேலை முடிந்தது. ஒரு நாள் என்று நினைத்தேன், இரண்டரை நாள் ஆனது. பழைய யூ போல்ட் நட்டுகளுக்கே அரை நாள் போனது.

முன் இடது 498-இலிருந்து 458, முன் வலது 492-இலிருந்து 457. இடப்பக்கம் ஆறரைச் சுற்று, வலப்பக்கம் ஆறுக்குக் கால் குறைவு. பின்னால் 541-இலிருந்து 490, 539-இலிருந்து 489. எல்லாம் மி.மீ.

பின்பக்கம் செய்தது இது. முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை, சேஸுக்கு ஸ்டாண்ட், ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி. ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் தொட்டேன், அதனால் ஆக்சில் இடம் மாறவில்லை. பிளாக்கின் மேல்முளை ஆக்சிலின் துளையிலும், பட்டையின் சென்டர் போல்ட் தலை பிளாக்கின் அடித்துளையிலும் உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்த பிறகே யூ போல்ட் போட்டேன். எஃகு பிளாக், ஒன்றே ஒன்று, அடுக்கவில்லை. யூ போல்ட் புதிது, 50 மி.மீ. நீளம் கூடியது. குறுக்கு வரிசையில் நாலு முறையாக முறுக்கு ஏற்றினேன். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும் எங்கும் உரசவில்லை.

நின்று பார்த்தால் மனசு நிறைகிறது. நாளை ஓட்டப் போகிறேன்.

பழைய ஸ்பேனர்

நல்ல வேலை தம்பி. 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-இல் ஒரு முறை யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். புது யூ போல்ட் நீளும், பட்டைக் கட்டும் அமர்ந்து கொடுக்கும்.

உடனே அலைன்மென்ட். கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்பது) எல்லோரும் திட்டுவார்கள், டயரை வேகமாகத் தின்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது). 650 மி.மீ. விட்டமுள்ள டயரில் மொத்த டோ 3 மி.மீ. தவறாக இருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு டயரும் சேர்ந்து 4.6 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகின்றன. ஹெட்லைட் மட்டத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒற்றைத் துண்டா?

தொட்டிவண்டி

ஒற்றைத் துண்டுதான் ஐயா, 1,300 மி.மீ.

பழைய ஸ்பேனர்

அப்படியென்றால் ஷாஃப்ட்டின் சாய்வு ஏறத்தாழ 2.2 டிகிரி மாறியிருக்கும், ஆனால் பிளாக் மட்டமானது என்பதால் இரண்டு முனையிலும் ஒரே அளவு மாறியிருக்கும். கியர்பாக்ஸ் பக்கக் கோணமும் பின் ஆக்சிலில் பினியன் பக்கக் கோணமும் சமமாக இருக்கும் வரை அதிர்வு வராது. போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியை வைத்தே அளக்கலாம். கோணம் சுத்தமாகப் பூஜ்யமாகிவிட்டாலும் நல்லதில்லை, யூ ஜாயின்ட்டின் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் குத்தித் தடம் விழும். இரண்டு துண்டு ஷாஃப்ட், நடுவில் பேரிங் உள்ள வண்டிக்காரர்கள் தனியாகக் கேளுங்கள், அந்தக் கணக்கு வேறு.

தொட்டிவண்டி

ஒரு பிரச்சினை. இன்று மழை. காலி வண்டி, 40 கிலோமீட்டர் வேகம் இருக்கும். முன்னால் ஒரு வண்டி நின்றது, சாதாரணமாகத்தான் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் இடது பக்கமாக வீசியது. பிரேக்கை விட்டவுடன் நேரானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. பின் டயர் பழசு, அதனால்தானா? முன்பு இப்படி ஒருபோதும் நடந்ததில்லை.

மழைச்சாலை

டயர் இல்லை. டயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், வண்டியை நிறுத்துங்கள். ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் சேஸின் உள்பக்கம் பாருங்கள். பிரேக் குழாய் நுழைந்து வெளியேறும் ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு நெம்புகோல், அதன் முனையிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பி. இருக்கிறதா?

தொட்டிவண்டி

இருக்கிறது. கம்பியின் கீழ்முனை ஹவுசிங்கில் ஒரு பிராக்கெட்டில் மாட்டியிருக்கிறது. நெம்புகோல் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மழைச்சாலை

அதுதான் லோடு சென்சிங் வால்வு. கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த நெம்புகோல் அவ்வளவு தூக்கியிருந்திருக்காது.

அதன் வேலை எளிது. காலி பிக்அப்பின் பின்சக்கரத்தில் எடை குறைவு, அதனால் பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைவாகப் போக வேண்டும். பாரம் ஏறினால் அதிகம் போக வேண்டும். பாரம் இருக்கிறதா என்று வால்வுக்கு எப்படித் தெரியும்? சேஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான். தூரம் குறைந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் அந்தத் தூரத்தை 50 மி.மீ. குறைத்துவிட்டீர்கள். உங்கள் அளவுப்படியே 280 கிலோவுக்கு 44 மி.மீ. இறங்கியது. அதாவது தொட்டியில் 300 கிலோவுக்கு மேல் இருக்கிறது என்று நினைத்து உங்கள் வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புகிறது. தொட்டி காலி, சாலை ஈரம். பூட்டாமல் என்ன செய்யும்?

முன்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி நேராகப் போகும், திருப்ப முடியாது, அவ்வளவுதான். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும். நீங்கள் உடனே பிரேக்கை விட்டதால் பிழைத்தீர்கள்.

பழைய ஸ்பேனர்

மழைச்சாலை சொல்வது முழுக்கச் சரி. இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் தம்பி. உங்கள் முதல் பதிவிலேயே எதையாவது விட்டுவிட்டேனா என்று கேட்டீர்கள், ஷேக்கிள் வரைக்கும் எழுதிய நான் இதை விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தாழ்த்துவதற்கு முன் ஸ்பிரிங், ஷாக் என்று தேடாமல், சேஸிலும் ஆக்சிலிலும் ஒரே நேரத்தில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டு எண்ண வேண்டும். ஹோஸ், கேபிள், ஷாஃப்ட், ஷாக், வயர், இந்த வால்வின் கம்பி. தூரம் மாறியது இவை எல்லாவற்றுக்கும்தான்.

தொட்டிவண்டி

ஐயா, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கம்பியை நானே கண்ணால் பார்த்தேன், என்ன என்று கேட்காமல் விட்டது நான். இப்போது எப்படிச் சரிசெய்வது? வால்வையே கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

மழைச்சாலை

கழற்றவும் கூடாது, நெம்புகோலை ஒரே இடத்தில் கட்டி வைக்கவும் கூடாது. கட்டினால் பாரம் ஏற்றும் நாளில் பின் பிரேக் பலவீனமாக இருக்கும்.

நெம்புகோலைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆக்சில் 50 மி.மீ. மேலே வந்துவிட்டது, எனவே அந்தக் கம்பி 50 மி.மீ. குட்டையாக வேண்டும், அல்லது கம்பி மாட்டும் முனை ஹவுசிங்கில் 50 மி.மீ. கீழே இறங்க வேண்டும். சில வண்டிகளில் கம்பியிலேயே மரையும் நட்டும் இருக்கும், ஆனால் அந்த மரை கொஞ்ச தூரத்துக்குத்தான் போதும். போதவில்லை என்றால் பிராக்கெட்டைக் கீழே இறக்கும் ஒரு தகடு செய்து, போல்ட்டால் மாட்டலாம். வெல்டிங் தேவையில்லை. தகடு ஆடக் கூடாது, கம்பி முழு அசைவிலும் எதிலும் இடிக்கக் கூடாது. நெம்புகோலுக்கு எந்த அளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் இருக்கும். அதன் பிறகு பிரேக் வேலை செய்யும் பட்டறையில் முன் பின் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் வீட்டுக் கண்ணளவில் முடித்துவிடாதீர்கள்.

கமான்கட்டு

வண்டியைத் தூக்குபவர்களுக்கும் இதே விஷயம் நேர்மாறாக உண்டு. தூரம் கூடினால் வால்வு எப்போதும் காலி வண்டி என்றே நினைக்கும். என் பழைய வண்டியில் கூடுதல் பட்டை போட்ட பிறகு பாரத்தோடு பிரேக் பிடிக்காமல் இழுத்துக்கொண்டே போனது. ஒரு வருடம் பிரேக் ஷூ மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் காரணம் புரிகிறது.

தொட்டிவண்டி

முடிந்தது. 6 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்து இரண்டு போல்ட்டில் மாட்டினேன். நெம்புகோல் கையேட்டில் உள்ள அளவுக்கு வந்தது. பட்டறையில் கேஜ் வைத்துப் பார்த்தார்கள், பிராக்கெட் இல்லாமலும் பிராக்கெட்டோடும். பிராக்கெட் இல்லாதபோது பின் பிரேக்கின் முள் முன் பிரேக்கோடு போட்டி போட்டு ஏறியது. பிராக்கெட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த முள் நின்ற இடத்தைப் பார்த்தபோதுதான் நான் எதில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது.

ஆளில்லாத ஈர மைதானத்தில் 30-இலும் 40-இலும் வேண்டுமென்றே அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். முன்சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது, வண்டி நேராக நிற்கிறது. தொட்டியில் 200 கிலோ மணல் மூட்டை வைத்தும் பார்த்தேன், நெம்புகோல் ஏறுகிறது, ஸ்டாப்பருக்கு 28 மி.மீ. இடம் இருக்கிறது. கமான்கட்டு அண்ணாவின் கணக்குக்கு ஒரு மி.மீ. தான் வித்தியாசம்.

அலைன்மென்ட் ஆனது. டோ வெளிப்பக்கம் 5 மி.மீ. போயிருந்தது, சரிசெய்தார்கள். 100 கிலோமீட்டரில் யூ போல்ட் நட்டுகள் கால் சுற்று எடுத்தன.

அரைச்சுற்று

அருமை. ஒன்று மட்டும். வண்டியோடு வந்த ஜாக்கியை எடுத்து, முன் டயரில் காற்றே இல்லாதபோது சேஸில் ஜாக்கி வைக்கும் இடத்துக்கு அடியில் நுழைகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பின்னால் பிரச்சினை வராது, ஆக்சிலின் உயரம் டயரைப் பொறுத்தது. முன்னால்தான் வரும்.

தொட்டிவண்டி

இப்போதுதான் காற்றை இறக்கிப் பார்த்தேன். நுழையவில்லை, இரண்டு விரல் அளவு தட்டுகிறது. கத்தரி ஜாக்கி ஒன்று வாங்கி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். 500 கிலோமீட்டர் ஆனதும் யூ போல்ட் எவ்வளவு எடுத்தது என்று எழுதுகிறேன்.